இலவந்தோப்பு விலாசம்

குளக்கரை இலவந்தோப்பில் டொக்கன் என்றொரு மரங்கொத்தி இருந்தது. மரத்துக்கு மரம் தட்டிச் சேதி அனுப்புவதுதான் அதற்கும் அதன் மரங்கொத்திச் சங்கத்துக் கூட்டாளிகளுக்கும் பொழுதுபோக்கு. கூலி கிடையாது. பெருமை மட்டும் நிறைய!

தோப்புக்குக் கீழே பள்ளத்தில் வளை தோண்டியிருந்தது செவ்வந்தி முயல். உள்ளே கண் திறக்காத ஆறு குட்டிகள். மலையில் மழை பெய்தால் வெள்ளம் நேராக அங்கேதான் வரும். மலைச் சேதியைக் கொண்டுவருபவை நாரைகள். அவையோ தோப்பின் மேலே பறக்குமே தவிர இறங்காது.

“இலவந்தோப்புக்கு வரும் சேதியை எல்லாம் என்னிடம் கொடுங்கள்!” என்று டொக்கன் ஒரு வாரமாகக் கத்தியது. பலன் இல்லை. உடனே என்ன செய்தது? இன்னும் உரக்கக் கத்தியது! இப்படியும் ஒரு புத்தி.

செவ்வந்திக்குப் பொறுமை போய்விட்டது. குளத்தில் மீன் பிடிக்க வந்த நாரை ஒன்றை மடக்கியது.

“ஏன் பெரியவரே, எங்க டொக்கன் அண்ணன் தொண்டை கிழியக் கத்துறது காதுல விழலையா?”

“நல்லாவே விழுது. போன மழைக்காலத்துல ஒரு மைனாவும் இப்படித்தான், ‘அணில் மரம் என்னுது’ன்னு கத்துச்சு. நம்பினோம். அணில்களோட சேதி மொத்தமும் மைனா கூட்டுக்குப் போச்சு! அதுலேருந்து, எந்த இடம் யாருது, அங்கே சேதி வாங்குறது யாருன்னு ஆமை எழுதி வச்சிருக்கிற ஏட்டைப் பார்க்காம நாங்க சேதி கொடுக்க எங்கேயும் இறங்குறதில்லை.”

மரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த டொக்கன் சிலிர்த்துக்கொண்டது. “இந்தத் தோப்பைக் காட்டுச் சபை எங்க சங்கத்துக்கு எப்பவோ கொடுத்தாச்சு! எல்லாருக்கும் தெரியுமே!”

“எனக்குத் தெரியாதே!” என்றது நாரை.

“கத்தினது போதும்ண்ணே! ஆமைகிட்ட போங்க!” என்று விரட்டியது செவ்வந்தி.

ஆமை ஏட்டைப் புரட்டியது. தோப்பு மரங்கொத்திச் சங்கத்தின் பேரில்தான் இருந்தது. அங்கே சேதி வாங்குவது யார் என்ற இடம் மட்டும் காலி! டொக்கன் பறந்துபோய்ச் சங்கத் தலைவரின் கால்தடம் பதித்த சம்மத ஓலையை வாங்கி வந்தது. ஆமை ஓலையைப் பார்த்து ஏட்டில் எழுதியது. நாரை ஏட்டைப் பார்த்துத் தலையசைத்தது. அவ்வளவுதான், அரை நாள் வேலை!

மூன்றாம் நாள் காலை நாரை தோப்பில் இறங்கியது. “மலையில பேய்மழை!” டொக்கன் மரத்துக்கு மரம் தட்டியது. செவ்வந்தி ஆறு குட்டிகளையும் ஒவ்வொன்றாக மேட்டுக்குத் தூக்கிப்போனது. உச்சிப்பொழுதில் வெள்ளம் வந்தபோது வளை காலி!

நம் உரிமை நமக்குத் தெரிந்தால் போதாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியவர் பார்க்கும் ஏட்டில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.