கிணற்றுக்குள் மாப்பிள்ளை, இரண்டாம் பாகம் அச்சில்

சாத்தூரில் புத்திசாலிகள் ஏராளம். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரையைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

கடற்கரைக்கு வயது முப்பத்தேழு. காராச்சேவுக் கடை வைத்திருந்தான். கூட்டாளிகள் இரண்டு பேர். தவசிக்கண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியும்; தொல்லையெல்லாம் அதனால்தான் வந்தது. பூவலிங்கத்துக்கு ஆறு வரைக்கும் எண்ணத் தெரியும். பகடைக்கு அது போதும்.

மூவரும் ஞாயிறுதோறும் 'பூதக்குகை' விளையாடினார்கள். ஆளுக்கொரு வீரனாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, பகடை உருட்டி, உட்கார்ந்த இடத்திலேயே குகைக்குள் போய்ப் பூதத்தை வெல்லுகிற விளையாட்டு. சிவகாசியிலிருந்து வந்த பெட்டியில் ஒரு பகடை, ஒரு பென்சில், பதினாறு பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம்.

முதல் விதி: 'கதவைத் திறந்து உள்ளே செல்க.' திறந்து போனார்கள். அடுப்படியில் கடற்கரையின் அக்கா ராசக்கனி ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். மூவரும் அவளைச் சுற்றி நின்று, "பூதமே, வெளியே வா" என்றார்கள். கரண்டிதான் வந்தது.

கடைசி விதி: 'இதில் சொல்லாத இடங்களில் புத்தியைப் பயன்படுத்துக.' பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, தவசிக்கண்ணு அச்சகத்துக்குக் கார்டு போட்டான். 'பகடை இருந்தது. பென்சில் இருந்தது. புத்தி இல்லை. உடனே அனுப்பவும்.'

அச்சகக்காரர் இளகிய மனசுக்காரர். புத்தி கைவசம் இல்லை போலும், பக்கங்களை அனுப்பினார். மறுவருஷப் புத்தகம் நாற்பது பக்கம். 'கதவு என்பது கற்பனைக் கதவு' என்று அதில் விளக்கம் இருந்தது. கற்பனைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்று இவர்கள் கேட்டார்கள். அடுத்த புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கற்பனைத் தீப்பந்தத்தை அணைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம், குகை பத்திரமா என்று கேட்டார்கள். முந்நூற்று எண்பது பக்கம். ஐந்தாம் வருஷம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஒன்று வந்தது. அட்டையில் 'முதல் பாகம்' என்று போட்டிருந்தது.

"புஸ்தகம் வருசா வருசம் நீண்டுக்கிட்டே போகுதுலே" என்றான் தவசிக்கண்ணு.

பூவலிங்கம் தையல்காரரிடம் நாடா வாங்கிவந்து ஐந்தையும் அளந்தான். "நீளம் எல்லாம் ஒண்ணுதான். வயிறுதான் பெருத்திருக்கு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாசமா இருக்குமோ?"

"அதான் முதல் பாகம்னு போட்டிருக்கான். ரெண்டாவது உள்ளேதான் இருக்கு."

அன்றிலிருந்து அதைத் தலையணைமேல் வைத்துத்தான் புரட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கடற்கரை கிணற்றில் விழுந்தான். குகைக் கிணறுதான்; இருந்தாலும் ஆழம். விதி சொன்னது: 'கிணற்றில் விழுந்தவர், வேறொருவர் கைகொடுத்துத் தூக்கும்வரை வாய் திறக்கலாகாது.' கைகொடுப்பது எப்படி? 'பக்கம் 640 காண்க.' 640இல், 'இரண்டாம் பாகம் காண்க.'

"விதி தெரியாம கை கொடுத்தா நாமளும் விழுந்துருவோம். ரெண்டாம் பாகம் வரட்டும்" என்றான் தவசிக்கண்ணு.

"அதுவரைக்கும் சாப்பாடு?"

நெடுநேரம் யோசித்தார்கள். சோறு உள்ளே போகலாம், சொல் வெளியே வரக்கூடாது என்று முடிவாயிற்று. கடற்கரை தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வருவதாக இருந்தது. இதற்கு முன்னால் பதினோரு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண் செண்பகவடிவை அவன் கோவில்பட்டிச் சந்தையில் ஒருமுறை பார்த்திருக்கிறான். தராசு முள் நிற்கும்வரை பொறுத்திருந்து வெண்டைக்காய் வாங்கினாள். அன்றிலிருந்து அவளிடம் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தான். ஆனால் கிணற்றுக்குள் இருக்கிறவனுக்கு வானமே ஒரு தட்டளவுதான். பேச்சுக்கு ஏது இடம்?

பெண்ணின் அப்பா குற்றாலிங்கம் அவளையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் விசாரித்தார். "கடை எப்படிப் போகுது, மாப்பிள்ளே?"

கடற்கரை புன்னகைத்தான்.

"சேவு கிலோ என்ன விலை?"

கடற்கரையின் கண் கலங்கியது.

குற்றாலிங்கம் ராசக்கனியிடம் திரும்பினார். "ஏம்மா, தம்பி ஊமைங்கிறதைச் சொல்லவே இல்லையே?"

"ஊமை இல்ல, அண்ணாச்சி" என்றான் பூவலிங்கம் பணிவாக. "கிணத்துக்குள்ள கிடக்காரு."

"இதோ கேசரி தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே!"

"கிணத்துக்குள்ளதான் தின்னுதாரு."

குற்றாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வடிவு, கிளம்பு."

பன்னிரண்டாவதும் போகிறது என்று கடற்கரைக்குத் தெரிந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான், விதி விதிதானே.

செண்பகவடிவு அசையவில்லை. "எத்தனை நாளா உள்ள இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையிலருந்து, தாயி."

"ஐயோ பாவம். யாராச்சும் கை கொடுக்கக் கூடாதா?" என்று அவளே கையை நீட்டினாள்.

"இருங்க, இருங்க!" தவசிக்கண்ணு பாய்ந்து வந்தான். "பகடை போடாம எதுவும் செய்யக்கூடாது, அது பொது விதி."

உருட்டினாள். ஒன்று விழுந்தது.

பூவலிங்கம் சரியாக எண்ணினான். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டான். "ஒண்ணு விழுந்தா வழுக்கல்! பொண்ணும் விழுந்துட்டாங்களே!"

செண்பகவடிவு கடற்கரைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள். ஐந்து நாளில் முதல் தடவையாகக் கிணற்றுத் தண்ணீர் அவனுக்குக் குளிரவில்லை.

"எந்திரி, வடிவு! வண்டிக்கு நேரமாச்சு" என்றார் அப்பா.

அவள் வருத்தத்தோடு அண்ணாந்து பார்த்தாள், வெகு ஆழத்திலிருந்து பார்ப்பதுபோல.

குற்றாலிங்கத்துக்கு வியர்த்தது. பெண்ணைக் கிணற்றில் விட்டுவிட்டு எந்தத் தகப்பன் பஸ் ஏறுவான்? குனிந்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்துத் தரையைப் பார்த்துக் கூவினார்.

"மாப்பிள்ளே! பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

கிணறு என்றால் எதிரொலி வேண்டும் என்பது பூவலிங்கத்துக்குத் தெரியும். மூலையில் நின்று, "...இருக்கா... கா... கா..." என்றான்.

"காக்கா கரையுது, விருந்து வரப்போகுது!" என்றாள் ராசக்கனி. இந்த இடத்தையும் விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

"விருந்தாளி நாங்கதாம்மா" என்று சொல்லிவிட்டு, குற்றாலிங்கம் இன்னும் குனிந்தார். "கல்யாணத்துக்குச் சம்மதமா?"

"...மதமா... மா... மா..."

குற்றாலிங்கம் நிமிர்ந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாமான்னு கூப்பிட்டுட்டாரு" என்றார். "அதுவும் அவ்வளவு ஆழத்துல இருந்து."

அப்புறம் தாமதிக்கவில்லை. வெற்றிலை, பாக்கு, பூ வைத்த தாம்பூலத் தட்டைக் கொடிக்கயிற்றில் கட்டி, பெஞ்சுமேல் ஏறி நின்று, "மெதுவா, மெதுவா, சுவர்ல இடிக்காம" என்று பேசிக்கொண்டே நாலு பேரும் இறக்கினார்கள்.

கயிறு ஒரு முழம் எட்டவில்லை.

என்ன செய்வதென்று மேலே இருந்தவர்கள் கலங்கி நிற்கையில், மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு, மறுபடி கிணற்றுக்குள் உட்கார்ந்தார்கள்.