லென்சுக்குள் பூஞ்சை குடியேறிய கதை

அந்தக் காலத்தில் கேமரா லென்சுக்கும் வாய் இருந்தது, சுவரில் பூக்கிற பூஞ்சைக்கும் வாய் இருந்தது. பூஞ்சை ரொட்டியைத் தின்னும், செருப்பைத் தின்னும். லென்சை மட்டும் தொடாது. தினமும் வெயிலைப் பார்க்கிற கண்ணாடி என்றால் அதற்கு அவ்வளவு பயம்.

மழை ஓயாத மலையூர் ஒன்றில் இன்னாசி என்று ஒரு போட்டோக்காரர் இருந்தார். அவர் மனைவி புஷ்பம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவளை ஒரு படம் எடுத்திருந்தார். அடக்கம் முடிந்து வந்த கையோடு லென்சைக் கழற்றி, அவளுடைய சேலைத் துண்டில் சுற்றி, தோல் உறைக்குள் போட்டுத் தகரப்பெட்டியில் வைத்தார்.

"ஐயா, என்னைப் பூட்டாதீங்க. வெளிச்சம் இல்லாம என்னால இருக்க முடியாது" என்று கெஞ்சியது லென்ஸ்.

"கடைசியா அவளைப் பார்த்த கண்ணு நீ. இனி வேற முகம் உன்மேல படக்கூடாது."

பாவி மனுஷன், அதைப் பாசம் என்றுதான் நினைத்தார். பூட்டிவிட்டார்.

அடைமழை பிடித்தது. சேலைத் துண்டு ஈரம் குடித்தது. தோல் உறையைத் தின்றுகொண்டே வந்த பூஞ்சை, கண்ணாடியைக் கண்டதும் தயங்கி நின்றது.

"உன் வெயில் எங்கே?"

"அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. பேசக்கூட ஆள் இல்லை. நீயாவது உள்ளே வா" என்றது லென்ஸ்.

ஐயோ, அந்த ஒரு வார்த்தைதான்! பூஞ்சை உள்ளே போய், வெள்ளை நூல் நூலாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

வருஷங்கள் போயின. மகள் ஜெபமாலைக்குக் கல்யாணம் முடிந்தது. கடல் தாண்டிப் போகப்போகிறவள் அவள். "அப்பா, அம்மாவை எடுத்த லென்சுலயே என்னையும் ஒரு படம் எடுங்கப்பா" என்று கேட்டாள். மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பெட்டியைத் திறந்தார். கண்ணாடிக்குள் வெள்ளை நூல் படர்ந்துகிடந்தது. லென்சைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினார், பிரித்துத் துடைத்தார். பூஞ்சை செத்தது. ஆனால் அது படுத்திருந்த இடமெல்லாம் கண்ணாடி அரித்துப்போயிருந்தது.

"ஐயா, இனி எனக்குக் கண்ணு இவ்வளவுதான் தெரியும்" என்றது லென்ஸ். அதற்குப் பிறகு அது பேசவே இல்லை.

அந்த லென்சிலேயே மகளைப் படம் எடுத்தார். அவள் கப்பலேறிய பிறகு தாய் படம், மகள் படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் இன்னாசி. செத்தவள் பளிச்சென்று இருந்தாள். உயிரோடு இருக்கிறவள் மூட்டத்துக்குள் நின்றாள். அவர் வாய்விட்டு அழுதார்.

அந்த நாளிலிருந்துதான் பூட்டிவைத்த லென்சைப் பூஞ்சை தேடிப் போகிறது. பழைய லென்ஸ் வாங்குகிறவர்களும் விலை கேட்பதற்கு முன்னால் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, உள்ளே யாராவது படுத்திருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள்.