வாய்க்கால் முடியும் இடத்தில் கரடியின் வீடு

கூனமலைக் காட்டில் செங்கோடன் என்ற கரடி ஒரு டயர் பட்டறை வைத்திருந்தது.

அந்தக் காட்டு விலங்குகள் வண்டியை நம்பிப் பிழைத்தன. தேன், புளி, தினை, மீன் எல்லாம் எருமைகள் இழுக்கும் வண்டிகளில் மலைக்கு மேலும் கீழும் போயின. முன்பெல்லாம் மரச்சக்கரம்தான். கல்லில் மோதினால் சக்கரம் பிளக்கும்; வண்டி குடைசாயும்; எருமையின் காலும் சில நேரம் முறியும். இதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் செங்கோடன் ஒரு வழி கண்டுபிடித்தது. ரப்பர் மரத்துப் பாலை உறையவைத்து, கரித்தூளும் கந்தகமும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் இட்டு வேகவைத்தது. கறுப்பாக, கெட்டியாக, வளைந்துகொடுக்கும் டயர் வந்தது. அதை மாட்டிய வண்டிகள் கல்லிலும் முள்ளிலும் குலுங்காமல் ஓடின. காடே செங்கோடனை மெச்சியது.

எல்லாருக்கும் டயர் வேண்டியிருந்தது. ஒரு கரடியால் எத்தனை செய்ய முடியும்? எனவே பொன்னையன் என்ற நரியைக் கணக்கப்பிள்ளையாக வைத்துக்கொண்டது. நரி கெட்டிக்காரன். கிழக்குச் சரிவில் இருந்த பலா, நாவல், வேங்கை எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி, ரப்பர் மரம் மட்டுமே நடவைத்தது. வெட்டிய மரங்கள் உலைக்கு விறகாயின. சூடான டயரைக் குளிர்விக்கக் குளத்துத் தண்ணீர் வந்தது; எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாய்க்கால் வழியாக அதே குளத்துக்குத் திரும்பிப் போனது. தேய்ந்த டயர்களை எல்லாரும் பட்டறைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் எறிந்தார்கள். பள்ளம் நிரம்பி மேடாயிற்று.

செங்கோடன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அதன் வீடு மலைக்கு மேலே, நல்ல காற்று வீசும் பாறைக்குகையில் இருந்தது.

வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்தில் வஞ்சி என்ற நீர்நாய் மூன்று குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தது. குட்டிகளின் தோலில் சொறி வந்தது. மீன்கள் செத்து மிதந்தன. வஞ்சி மலையேறிப் போய்க் கரடியிடம் முறையிட்டது. கரடிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் டயர் வேண்டாம் என்கிறாயா, உன் மீன் வண்டி எதில் ஓடுகிறது என்று கேட்டது. வஞ்சி வந்த வழியே இறங்கிப் போனது. அதன் வண்டியும் செங்கோடன் செய்த டயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சு காட்டில் பரவியது. மான்கள் புகையைப் பற்றி முணுமுணுத்தன. கூடு இழந்த இருவாச்சிப் பறவைகள் சிங்கராஜாவிடம் போய் நின்றன. நேரில் வந்து பார்ப்பதாக ராஜா சொல்லியனுப்பியது.

செங்கோடனுக்குக் கைகால் ஓடவில்லை. நரி பதறவே இல்லை.

"முதலாளி, எல்லாரும் என்ன சொல்கிறார்கள்? நம் டயர் காட்டைக் கறுப்பாக்குகிறது என்கிறார்கள். அவ்வளவுதானே? பச்சையாக்கிவிடுவோம்" என்றது.

அது சொன்னபடியே செய்தது. பச்சிலைச் சாற்றையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சிய சாயத்தை எல்லா டயர்களிலும் பூசியது. பட்டறைச் சுவரிலும் பூசியது. ராஜா வரும் அன்று உலையை அணைத்துவைத்தது. பள்ளத்தில் மலைபோல் கிடந்த பழைய டயர்கள் தெரியாதபடி தழையும் கிளையும் வெட்டிப் போட்டு மூடியது. செங்கோடன் மட்டும் ஒருமுறை, இது சரியா என்று கேட்டது. ராஜா போனதும் நிதானமாக எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம் என்று நரி சமாதானம் சொன்னது. கரடியும் அப்படியே ஆகட்டும் என்று விட்டுவிட்டது.

ராஜா வந்தது. பச்சை டயர்களைப் பார்த்தது. இலை மூடிய பள்ளத்தைப் பார்த்து, இது என்ன புதுத் தோட்டமா என்று விசாரித்தது. ஆமாம் ராஜா என்றது நரி. ராஜா மகிழ்ந்து, அரண்மனை வண்டிகளுக்கும் இங்கேயே டயர் செய்யச் சொல்லிவிட்டுப் போனது.

வேலை இரட்டிப்பானது. சரிசெய்வதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. முதல் மழையில் பச்சைச் சாயம் கரைந்து, அதுவும் வாய்க்கால் வழியே குளத்துக்குப் போயிற்று.

கோடை வந்தது. பள்ளத்தில் போட்ட தழை காய்ந்து சருகானது. ஒருநாள் நடுப்பகலில் புகைபோக்கியிலிருந்து பறந்த ஒரு பொறி அந்தச் சருகில் விழுந்தது.

தழை எரிந்தால் அணைத்துவிடலாம். டயர் எரிந்தால் அணையாது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது உள்ளுக்குள்ளே கனன்றது. தார்போல உருகி ஓடியது. கறுப்புப் புகை சூரியனை மறைத்தது. காற்று குளத்துப் பக்கம் திரும்பியது. எருமைகள் வண்டிகளைப் பூட்டி, நடக்க முடியாத கிழடுகளையும் குஞ்சுகளையும் ஏற்றிக்கொண்டு மேற்கே விரைந்தன. நரி டயர் அச்சுகளில் பாதியை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாக ஓடியது.

வஞ்சி அப்போது ஓடையில் மீன் பிடிக்க மேலே போயிருந்தது. வளையில் குட்டிகள் தனியாக இருந்தன. அது செங்கோடனுக்குத் தெரியும். கரடி வாயையும் மூக்கையும் ஈரத் துணியால் கட்டிக்கொண்டு வாய்க்காலோடு கீழே இறங்கியது. கண் தெரியவில்லை. கையால் துழாவி வளையைக் கண்டுபிடித்தது. ஒரு குட்டி கிடைத்தது, இன்னொன்றும் கிடைத்தது. மூன்றாவது எங்கோ ஆழமாக ஒளிந்துகொண்டிருந்தது. செங்கோடன் கூப்பிட்டுப் பார்த்தது. வளையைப் பிறாண்டிப் பார்த்தது. மூச்சு முட்டியது. இரண்டு குட்டிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஏறி விழுந்தது.

மூன்றாவது குட்டியைத் தீ அடங்கிய பிறகுதான் எடுத்தார்கள். அதன் உடம்பில் தீக்காயம் ஒன்றும் இல்லை. புகையால்தான் உயிர் போயிருந்தது.

சிங்கராஜா சபையைக் கூட்டியது. பட்டறையை இடித்துத் தள்ள வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். செங்கோடன் தலைகுனிந்து நின்றது. தானும் ஏமாந்துபோனது ராஜாவுக்குச் சுட்டது. எனவே தீர்ப்பைத் தான் சொல்லாமல், அதிகம் இழந்தது வஞ்சி, வஞ்சியே சொல்லட்டும் என்றது.

வஞ்சி தன் இரண்டு குட்டிகளையும் ஒருமுறை பார்த்தது. பிறகு எழுந்தது.

"இடிக்க வேண்டாம் ராஜா. அன்றைக்கு எருமைகள் டயர் வண்டியில் ஏற்றிப் போகாவிட்டால் இன்னும் எத்தனையோ உயிர் போயிருக்கும். இதை இடித்தால் நரி மலைக்கு அந்தப் பக்கம் இதேபோல இன்னொன்று கட்டும்; நாமும் அங்கே போய் வாங்குவோம். டயர் நமக்கு வேண்டும். இப்படிச் செய்கிற டயர் வேண்டாம்."

எப்படிச் செய்வது என்று யாருக்காவது தெரியுமா என்று ராஜா கேட்டது. தனக்குத் தெரியாது, செங்கோடனுக்கும் இப்போது தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ளும் என்று வஞ்சி சொன்னது.

"ஒரே ஒரு நிபந்தனை. செங்கோடண்ணன் மலைமேல் இருக்கிற குகையை விட்டுவிடட்டும். பட்டறை வாய்க்கால் முடிகிற இடத்தில், என் வளை இருந்த இடத்தில் குடியிருக்கட்டும். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். நான் பிள்ளைகளோடு மேற்கே போகிறேன்."

சபையில் இதைத் தண்டனையாக யாரும் நினைக்கவில்லை. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். செங்கோடன் சிரிக்கவில்லை. அன்றே போய்க் குளக்கரையில் குடிசை போட்டது.

முதல் வாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டது. தாகம் தாங்காமல் பிறகு அதையே குடித்தது. வயிறு புரண்டது. குளித்தால் மயிரில் பிசுக்கு ஒட்டியது. புகை திரும்பும்போது இருமல் வந்தது. இத்தனை வருடம் தான் பார்க்காத எல்லாம் இப்போது அதன் வாசலில் வந்து நின்றன.

தண்ணீரைத்தான் முதலில் சரிசெய்தது. கல்தொட்டிகள் கட்டி, டயரைக் குளிர்வித்த நீரை அவற்றில் தெளியவைத்து, ஆறியதும் மறுபடி பட்டறைக்கே எடுத்தது. வாய்க்காலில் இப்போது மழைநீர் மட்டும் வந்தது. இது எளிதாகத்தான் இருந்தது. இவ்வளவு எளிதான ஒன்றை ஏன் முன்பே செய்யவில்லை என்று செங்கோடனுக்குத் தன்மேல் கோபம் வந்தது.

புகை எளிதில் அடங்கவில்லை. எலிகளின் நெல் ஆலைக்கு வெளியே உமி குவிந்துகிடந்தது. விறகுக்குப் பதில் அதை உலையில் எரித்துப் பார்த்தது. புகை கொஞ்சம் குறைந்தது; உமி எரிந்து வெள்ளைச் சாம்பல் மிஞ்சியது. கரித்தூளுக்குக் கரி சுடுவதிலும் புகைதான்; அதில் பாதியைக் குறைத்து இந்தச் சாம்பலைச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. சேர்த்து ஒரு டயர் செய்து எருமை வண்டியில் மாட்டியது. பாதி மலை ஏறுமுன் டயர் வெடித்துப் பிளந்தது. எருமைகள் வசைபாடிவிட்டு மரச்சக்கரத்துக்கே போய்விடுவதாக மிரட்டின. செங்கோடன் சாம்பலை மாவாக அரைத்துத் துணியில் சலித்தது. ரப்பரோடு அது ஒட்டவில்லை. முந்திரி ஓட்டிலிருந்து வடியும் எண்ணெயைச் சேர்த்த பிறகுதான் இரண்டும் இணங்கின. அந்த டயர் முன்பைவிட லேசாக உருண்டது. வண்டி இழுப்பது சுலபமாக இருக்கிறது என்று எருமைகளே கூறின.

பழைய டயரைப் பள்ளத்தில் எறியக்கூடாது, பட்டறைக்கே கொண்டுவர வேண்டும் என்று செங்கோடன் காடெங்கும் சொன்னது. பழசு கொண்டுவராதவருக்குப் புதுசு கிடையாது. உள்கட்டு நன்றாக இருந்தால், தேய்ந்த மேல்பகுதியை மட்டும் சீவியெடுத்துவிட்டுப் புதிய ரப்பர் பட்டை ஒட்டிக் கொடுத்தது. அடியோடு நைந்ததைப் பொடியாக்கிப் புது ரப்பரில் கொஞ்சம் கலந்தது. இதனால் புது டயரின் தேவை குறைந்தது. ரப்பர்ப் பாலின் தேவையும் குறைந்தது. கிழக்குச் சரிவில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பலாவும் நாவலும் மறுபடி நட்டது. அவை வளர்ந்து இருவாச்சி கூடு கட்ட இன்னும் வெகுகாலம் ஆகும். இருவாச்சிகளுக்கு அது தெரியும். அவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

எல்லாம் சரியாகிவிடவில்லை. உலையில் இன்னும் புகை வந்தது. முன்புபோல் கறுப்பாக வரவில்லை. செங்கோடனின் இருமலும் போகவில்லை.

ஒருநாள் பொன்னையன் நரி வண்டி நிறையப் பச்சை டயர்களோடு வந்து இறங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் தன் சொந்தப் பட்டறையில் செய்ததாகவும், பாதி விலை போதும் என்றும் சொன்னது. வாங்கலாமா என்று சிலர் யோசித்தார்கள். சிங்கராஜா டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"உன் பட்டறை வாய்க்கால் எங்கே முடிகிறது?" என்று கேட்டது.

ஒரு குட்டையில் என்று நரி இழுத்தது.

"அங்கே போய்க் குடியிரு. அடுத்த கோடையிலும் அங்கேயே இருந்தால், உன் டயரை நானே வாங்கிக்கொள்கிறேன்."

நரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அது அந்தப் பக்கம் வரவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது குளத்தில் மீன் துள்ளும் சத்தம் கேட்டது. செங்கோடன் குடிசை வாசலில் உட்கார்ந்து டயர் சீவிக்கொண்டிருந்தது. மேற்குக் கரையிலிருந்து வஞ்சி வந்தது. பின்னால் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். கரடி எழுந்து நின்றது. வஞ்சி கரையோரம் இறங்கியது. குனிந்து தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தது. பிறகு கரடியின் குடிசைக்குப் பக்கத்துக் கரையில் புதிதாக வளை தோண்டத் தொடங்கியது.

தான் செய்யும் பொருளின் அழுக்கு போய்ச் சேரும் இடத்தில் தானே குடியிருப்பவன்தான், அதைச் சுத்தமாகச் செய்யும் வழியைத் தேடிக் கண்டுபிடிப்பான்.