முதல் தும்மல்

அந்தக் காலத்தில், எறும்பும் கொடியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, உலகத்தில் தும்மல் என்ற ஒன்றே கிடையாது. மூக்குக்குள் காவலாட்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களை யாரும் எழுப்பியதே இல்லை. பிறந்தது முதல் தூக்கம்தான்.

ஒரு மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஒரு மலையூருக்குள் வந்தன. திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி மனிதர் மூக்கில் நுழைந்து குடும்பம் பெருக்கின. மூக்கோடு நின்றால் தொல்லை இல்லை. நெஞ்சுக்கு இறங்கிவிட்டால் ஆள் பிழைப்பதில்லை.

தேன் எடுக்கும் சடையன் மூக்கடைத்து, காய்ச்சல் கண்டு, குடிசையில் கிடந்தான். அவன் மனைவி வேம்பிக்குச் சோறு இறங்கவில்லை. சுவரில் ஊர்ந்த சிற்றெறும்பைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இவர் மூக்குக்குள்ள போய் என்ன நடக்குதுன்னு பார்த்துச் சொல்லேன்."

போன வேகத்தில் எறும்பு மூச்சிரைக்கத் திரும்பியது. "அக்கா, உள்ளே திருவிழாக் கூட்டம்! நெஞ்சுக்கு இறங்க மூட்டை கட்டிட்டாங்க. காவலாளுங்களோ குறட்டை விடுறாங்க!"

"நீ எழுப்பலையா?"

"கத்திப் பார்த்தேன், கேட்கலை. என்னைவிடக் காரமான ஆள் வேணும்."

காரம் என்றதுமே வேம்பி எழுந்து ஓடினாள். பலாமரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருந்தது.

"கொடியம்மா, அந்தக் கிருமிகளைக் கொன்னுடு!"

"கொல்ற வேலை எனக்குத் தெரியாது தாயி," என்றது கொடி. "தூங்குறவங்களை உசுப்பிவிடுவேன். மீதியை அவங்க பார்த்துக்குவாங்க. ஆனா முழிச்சவங்க வீட்டையே உலுக்கிடுவாங்க. பயந்து கையை எடுத்துடாதே."

கொடியிலேயே காய்ந்து கறுத்திருந்த மணிகளை வேம்பி கல்லில் வைத்து நசுக்கி, குடிசைக்குள் சடையன் முகத்தருகே கொண்டுபோனாள். சடையனின் அண்ணன் காரி பாய்ந்து வந்து தடுத்தான்.

"சாகக் கிடக்கிறவன் மூக்குல காரமா? உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"விடுங்க மாமா! சும்மா இருந்தாலும் போகிற உயிர்தானே!"

அவனை விலக்கிவிட்டு, பொடியைச் சடையன் மூக்கருகே பிடித்தாள். சடையன் அதை மூச்சோடு இழுத்தான். மூக்கு நுனி துடித்தது. கண்ணில் நீர் கொட்டியது. வாய் திறந்தது, மூச்சு அப்படியே நின்றது! காரி தலையில் அடித்துக்கொண்டான். வேம்பி கையை எடுக்கவில்லை.

"ஹா... ஹா... அச்!"

கூரை அதிர்ந்தது. கோழிகள் பறந்தன. காவலாட்கள் விழித்துவிட்டார்கள்! அகப்பட்ட கிருமியை விழுங்கினார்கள். மூக்குநீரைப் பெருக்கி மற்றதை வெளியே அடித்தார்கள்.

"ஓடுறாங்க அக்கா, ஓடுறாங்க!" எறும்பு குதித்தது.

மறுபடி ஒரு வெடி. மறுபடியும். இப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டிராத ஊர், உயிர்தான் வெடித்துப் போகிறது என்று ஓலமிட்டது. வேம்பி மட்டும், போகிற உயிரை இழுத்துப் பிடிப்பவள்போல ஒவ்வொரு வெடிக்கும் கூவினாள்.

"நூறு! நூறு வருசம் இரு மச்சான்! நூறு!"

சடையன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். கண் திறந்தான்.

"என்ன புள்ள, மிளகு வாசம் அடிக்குது?"

வேம்பி அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று முதல்தான், காரம் ஏறினால் மூக்குக் காவலாட்கள் துள்ளி எழுகிறார்கள்; தும்முகிறவரைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் "நூறு!" என்கிறார்.