நாலாவது காம்பு

செம்பொன்நாட்டு ராஜாவிடம் கடன்பட்ட கரட்டுநாட்டில் மூன்று வருஷமாக மழையில்லை. தவணை சொல்லப் போக மந்திரிகள் பயந்து, சடையாண்டி என்கிற மாட்டுக்காரனை அனுப்பினார்கள்.

“ஒரு காசு குறையக்கூடாது” என்றார் ராஜா.

“சரி சாமி. அதற்குமுன் உங்கள் செல்லப் பசுவைக் கறந்து தரட்டுமா?”

ராஜா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். சடையாண்டி மூன்று காம்பைக் கறந்தான். கன்றுக்கென்று விடுகிற நாலாவதையும் ஒட்டக் கறந்தான். கட்டிக்கிடந்த கன்று கத்தியது.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. “அடேய், பச்சைப்பிள்ளை வாயில் மண்ணைப் போடுகிறாயே, உனக்கு ஈவிரக்கம் இல்லையா?”

“எங்கள் நாட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் கத்துகிறார்கள் சாமி. அந்தச் சத்தம் இவ்வளவு தூரம் கேட்காதே என்றுதான் இங்கே கறந்து காட்டினேன்.”

ராஜா தானே போய்க் கன்றை அவிழ்த்துவிட்டார். அது வற்றிய மடியை முட்டி முட்டிப் பார்த்தது. “கடனை விட்டேன்” என்று வாய் சொல்லிவிட்டது. மாட்டுக்காரன் முகத்தில் விழிக்கத்தான் அவரால் முடியவில்லை.