ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர்

கருத்தமுத்துவுக்குக் குரு வாய்த்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. குரு எங்கிருந்தோ வந்தவர் அல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே வீட்டில் இருந்தவர்தான். அவருடைய மனைவி ராக்கம்மாள்.

ராக்கம்மாள் மொட்டைமாடியில் செடி வளர்த்தார். பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை, உடைந்த குடத்தில் தக்காளி, தெர்மாகோல் பெட்டியில் கீரை, ஓட்டை அண்டாவில் புதினா, மண்சட்டியில் கற்றாழை. தெருப் பெண்கள் வாடிய கிளையை ஒடித்து எடுத்துவந்து அவரிடம் யோசனை கேட்பார்கள். கருத்தமுத்து கேட்டதில்லை. அவர் கூட்டத்தில் இருப்பார். இல்லாவிட்டால் மறியலில் இருப்பார். அதுவும் இல்லாவிட்டால் சிறையில் இருப்பார். அவரால் மேலே ஏறியவர்கள் அவரை மறந்த பிறகு, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

ஒரு மழைநாளில் மாடிப்படியில் வழுக்கி, ராக்கம்மாளின் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். எழுந்து நடக்க நாளாகும் என்றார் டாக்டர்.

"மாடிக்கு இனி யாரு போவா?" என்றார் ராக்கம்மாள், கட்டிலில் கிடந்தபடி.

"நான் போறேன்."

"படி எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா?"

"கிண்டல் பண்ணாத. எவ்வளவு தண்ணி ஊத்தணும், அதைச் சொல்லு."

"அதுங்ககிட்டக் கேளுங்க."

"செடி பேசுமா? ஊர் ஊராப் போயி மூடநம்பிக்கைய எதிர்த்துப் பேசினவன்கிட்ட இதைச் சொல்ற."

"சரி, பேசாது. தக்காளிக்கு முட்டுக் குடுக்கணும். மூலையில அந்தக் கம்பு சும்மாத்தான நிக்குது, அதை எடுத்துட்டுப் போங்க."

"அது கொடிக்கம்பு."

"கொடி எங்க?"

கருத்தமுத்து படிப் பக்கம் திரும்பினார்.

"போயிட்டு வாங்க, தோழரே" என்றார் ராக்கம்மாள்.

கோபம் வந்தால் கணவரைத் தோழரே என்பார். பிரியம் வந்தாலும் அப்படித்தான். எது எந்தத் தோழர் என்று கருத்தமுத்துவுக்குக் கடைசிவரை பிடிபட்டதில்லை.

மாடியில் நின்று யோசித்தார். கீழே இறங்கிச் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்தார். ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர். பெரிய தொட்டி, சின்னத் தொட்டி என்ற பேச்சே கிடையாது. கட்டிலை ஒட்டிய ஜன்னலில் ஒரு கற்பூரவல்லி இருந்தது. அதற்கும் ஒரு டம்ளர். கடைசியில் அதே டம்ளரைக் கழுவி நிரப்பி, ராக்கம்மாளின் தலைமாட்டில் வைத்தார். மதியமும் மாலையும் காலி டம்ளரை எடுத்து மறுபடி நிரப்பி வைத்தார்.

அவர் இப்படி அளந்ததற்குக் காரணம் இருந்தது.

அவர் பிறந்த ஊரின் டீக்கடையில் அந்தக் காலத்தில் இரண்டு குவளை. ஊர்த்தெருக்காரர்களுக்குப் பெஞ்சும் கண்ணாடி டம்ளரும். அவருடைய தெருக்காரர்களுக்கு வெறுந்தரையும் கூரையில் செருகிய கொட்டாங்கச்சியும். குடித்தவர்களே கழுவிச் செருகிவிட்டுப் போக வேண்டும். துண்டுப் பிரசுரங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவர் கருத்தமுத்து. ஒரு நாள் குடித்து முடித்த கொட்டாங்கச்சியைக் கழுவவில்லை. கீழே போட்டு மிதித்தார். அதற்கு ஊர் அடித்தது, போலீஸ் அடித்தது, சிறை கிடைத்தது. ஒரு லத்தி முதுகெலும்பில் விட்டுப் போன வலி இன்னும் அங்கேயே குடியிருக்கிறது. ஆனால் குவளை ஒன்றானது.

இப்போது அந்தக் கடையில் எல்லோருக்கும் காகிதக் கப். சாதி ஒழிந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். ஒழிந்தது குவளை கழுவுகிற வேலை மட்டும்தான்.

கருத்தமுத்துவின் வீட்டில் எல்லா டம்ளரும் ஒரே அளவு. அதிகாரி வந்தாலும் அதில்தான், குப்பை வண்டிக்காரர் வந்தாலும் அதில்தான். செடிக்கு மட்டும் வேறு சட்டமா?

சில வாரங்களில் கற்றாழை அடியில் அழுகிச் சாய்ந்தது. தக்காளி பகலெல்லாம் தலையைத் தொங்கப் போட்டது. கீரை காய்ந்தது. ஜன்னல் கற்பூரவல்லியின் தண்டு கறுத்தது.

ராக்கம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்தாள். பெயர் புரட்சிமலர். பெயர் வைத்தவர் அப்பா. மலர் என்று கூப்பிட்டு வளர்த்தவர் அம்மா. அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு, மாடியையும் ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கிவந்தாள்.

"அம்மா தண்ணியே குடிக்கிறதில்லையாம். அதனாலதான் சிறுநீர்ல கிருமி, காய்ச்சல் எல்லாம்."

"நான் வேளாவேளைக்கு வைக்கிறேன். டம்ளர் காலியாகுது."

"அப்ப டாக்டர் பொய் சொல்றாரா?"

"எனக்குத் தெரியாது. நான் வைக்கிறேன்."

"அப்பா, ஊருக்கெல்லாம் தண்ணி வரணும்னு ரோட்டுல படுத்தீங்க. வீட்டுல ஒரு கீரையக் காப்பாத்த முடியல. அம்மாவ எப்படிப் பார்த்துக்குவீங்க? வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன். அம்மாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மகள் போன பிறகு கருத்தமுத்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"நீ போறியா?"

ராக்கம்மாள் கண்ணை மூடியிருந்தார். "போகட்டுமா?"

"நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப நானும் ஞாயித்துக்கிழமை சொல்றேன். மாடியில எதாச்சும் மிச்சம் இருக்கா, முதல்ல அதைப் பாருங்க."

கருத்தமுத்து மேலே போய், அழுகிய கற்றாழையை ஒரு கையிலும் காய்ந்த கீரையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். போலீஸ் முன்னால் தடயங்களோடு நிற்பவரைப் போல இருந்தார்.

"ராக்கு, எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் ஊத்தினேன். ஒண்ணு அழுகிச் செத்துது. ஒண்ணு காஞ்சு செத்துது. நான் என்ன அநியாயம் பண்ணினேன்?"

"ஒரு அநியாயமும் பண்ணலை."

"பின்ன?"

"அந்த டீக்கடைக்காரன் எதைப் பார்த்து ஊத்தினான்?"

"எதைப் பார்ப்பான்? எந்தத் தெருன்னு பார்த்தான்."

"நீங்க?"

"நான் எதையும் பார்க்கல. எனக்கு எல்லாம் சமம்."

"அவன் தாகத்தைப் பார்த்தானா?"

"இல்ல."

ராக்கம்மாள் அவர் கையிலிருந்த காய்ந்த கீரையைப் பார்த்தார். கருத்தமுத்துவுக்கு முகம் சிவந்தது.

"என்னையும் அவனையும் ஒரே தராசுல வைக்கிறியா? அந்தக் குவளைக்காக என் முதுகையே குடுத்தவன் நான்!"

"தெரியும். அதுல நானும் குடிச்சேன்ல."

அது அவருக்கும் ஞாபகம் இருந்தது. சிறையிலிருந்து வந்த மறுவாரம், புது மனைவியை அதே கடைக்குக் கூட்டிப் போனார். பெஞ்சில் உட்காரவைத்துக் கண்ணாடி டம்ளரில் டீ வாங்கிக் கையில் கொடுத்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. ராக்கம்மாள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"எனக்கு டீ ஒத்துக்காது" என்றார் ராக்கம்மாள். "சின்ன வயசுலேருந்தே. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்குப் போயி வாந்தி எடுத்தேன்."

கருத்தமுத்து கையிலிருந்த செடிகளைக் கீழே வைத்தார்.

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

"பின்ன ஏன் குடிச்ச?"

"அன்னைக்குக் குடிச்சே ஆகணும். எங்கம்மா அந்தக் கொட்டாங்கச்சியக் கழுவிக் கழுவிச் செருகினவ. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தா மறுபடியும் குடிப்பேன். ஆனா அது தாகத்துக்குக் குடிச்சதில்ல."

பிறகு ராக்கம்மாள் கையை நீட்டி, கணவரின் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். முன்னொரு காலத்தில் மேடையில் உயர்ந்த விரல்.

"காலையில தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி, இதை மண்ணுல விடுங்க. பாதி விரல் போகணும். மேலாக் காஞ்சிருக்கும், உள்ள ஈரம் இருக்கும். அப்படி இருந்தா ஊத்தாதீங்க."

"எல்லாத் தொட்டியிலயுமா?"

"எல்லாத் தொட்டியிலயும்."

மறுநாள் காலை டம்ளரை எடுத்துப் போகவில்லை. விரலை மட்டும் கொண்டு போனார்.

கறிவேப்பிலை வாளியில் விரல் சேற்றில் இறங்கியது. தூக்கிப் பார்த்தார். அடியில் ராக்கம்மாள் போட்டிருந்த துளைகளை வேர் அடைத்திருந்தது. ஒரு குச்சியால் குத்திவிட்டார். வாளி நெடுநேரம் ஒழுகியது. தக்காளிக் குடத்தில் விரல் இறங்கவே இல்லை. மண் செங்கல்லாகக் கிடந்தது. கீழே போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊற்றி, அது குடிக்கும் சத்தத்தைக் குனிந்து கேட்டார். கற்றாழையில் அழுகாமல் தப்பிய ஒரு குட்டியைப் பிரித்து, மணல் கலந்த மண்ணில் நட்டார். தண்ணீர் விடவில்லை. விடாமல் இருப்பதுதான் அவருக்கு அன்றைக்குப் பெரிய வேலையாக இருந்தது. கை பரபரத்தது.

தக்காளி நிமிர்ந்தது. கறிவேப்பிலைக் கணுவில் சிவந்த கொழுந்து எட்டிப் பார்த்தது. நகத்தில் மண்ணோடு வந்து ராக்கம்மாளிடம் விவரம் சொன்னார். ராக்கம்மாள் 'ம்' என்பதோடு சரி.

ஜன்னல் கற்பூரவல்லியிலும் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம். ஊற்றவில்லை. மறுநாளும் பார்த்தார். ஈரம். அதற்கு மறுநாளும் பார்த்தார். முந்தைய நாளைவிட அதிக ஈரம்.

கருத்தமுத்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். வானம் வெளுத்துக் கிடந்தது. தொட்டியைப் பார்த்தார். தலைமாட்டில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். உதடு வெடித்து, தோல் உரிந்திருந்தது. இத்தனை நாளும் அந்த உதட்டை அவர் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"ராக்கு, இந்தத் தொட்டிக்கு நான் தண்ணி ஊத்தி நாலஞ்சு நாளாச்சு."

ராக்கம்மாள் சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார். இடுப்பு விடவில்லை.

"உன் தண்ணிய இதுல ஊத்துறியா?"

ராக்கம்மாள் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன்?"

"குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்ல" என்றார் ராக்கம்மாள், சுவரைப் பார்த்தபடியே. "போகணும்னா உங்களைக் கூப்பிடணும். நீங்க என்னைத் தூக்கி அந்தக் கக்கூஸ் நாற்காலியில உக்கார வைக்கணும். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்கிறீங்க. அந்த முதுகு படுற பாடு எனக்குத் தெரியாதா?"

"நான் ஒரு தடவையாவது வலிக்குதுன்னு சொன்னேனா?"

"சொல்லல. எனக்குக் கேட்டுது."

கருத்தமுத்து எழுந்து அடுத்த அறைக்குப் போனார். மூலையில் சாத்தியிருந்த கொடிக்கம்பை எடுத்தார். திரும்பி வந்தார். கட்டிலுக்கு மேலே கூரையில், மலருக்குத் தொட்டில் கட்டிய கொக்கிகள் துருப்பிடித்து இன்னும் இருந்தன. ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கயிறு போட்டு, ராக்கம்மாளின் நெஞ்சுக்கு நேரே கம்பைக் குறுக்காகத் தொங்கவிட்டார்.

"பிடிச்சு எந்திரிச்சுப் பாரு."

ராக்கம்மாள் இரண்டு கையாலும் கம்பைப் பற்றினார். அது பல ஊர்வலம் பார்த்த மூங்கில். பிடித்த இடமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கருத்தமுத்து தோளை மட்டும் தாங்கினார். முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

"தக்காளிக்குக் கேட்டப்ப தரமாட்டேன்னீங்க."

"தக்காளிக்கு வேற கம்பு வெட்டியாச்சு."

ராக்கம்மாள் சிரித்தார். சிரித்ததில் வெடித்த உதடு வலித்தது. வலித்தாலும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டி வந்து நின்றது. மலர் நேராக மாடிக்குப் போனாள். கீழே இறங்கியபோது கையில் ஒரு கறிவேப்பிலைக் கொழுந்து இருந்தது. அதை முகர்ந்துகொண்டே வந்தவள், அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. கூரையிலிருந்து தொங்கிய கம்பைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா, வண்டி நிக்குது. என்ன சொல்ற? கிளம்பலாமா?"

ராக்கம்மாள் கணவரைப் பார்த்தார்.

கருத்தமுத்து அப்போது செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் விளிம்புவரை ஊற்றிப் பழகிய கை. மகள் கேட்டதும் பாதியில் நிறுத்தினார். மலரின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலருகே குனிந்தார். ஒரு விரலை நீட்டி மனைவியின் உதட்டைத் தொட்டார்.

"ராக்கு, உனக்கு எவ்வளவு வேணும்?"

ராக்கம்மாள் கம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"இப்போதைக்கு இது போதும், தோழரே. சாயங்காலம் வந்து மறுபடி கேளுங்க."