எறும்பு இல்லாத கட்டில்

குழந்தைகள் வார்டுக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம் முடியவில்லை, அதற்குள் நர்ஸ் பிலோமினாவுக்கு ஒரு எதிரி கிடைத்துவிட்டான். வயது மூன்று. பெயர் பேரரசு.

நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருந்தான். இன்னும் ஐந்து நாள் மருந்து நரம்பு வழியாகத்தான் ஏற வேண்டும். அவனோ ஊசியைப் போடப் போடப் பிடுங்கினான். இரண்டு காலும் போயிற்று. வலது கை போயிற்று. மூன்றிலும் ஊசியைப் பிளாஸ்டரால் ஒட்டியது பிலோமினாதான். இடது கைதான் மிச்சம்.

"இதுவும் போச்சுன்னா கழுத்துலதான் போடணும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அவன் அம்மா அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

பிலோமினா பதினாறு வருஷம் ஆண்கள் வார்டில் இருந்தவள். முறுக்கு மீசைகளையே அதட்டிப் படுக்க வைத்தவள். இந்தப் பொடியனிடம் தோற்பதா? கையுறை டப்பா அட்டையை வெட்டி இடது கைக்கு அடியில் கொடுத்தாள். விரல் நுனி வரை பிளாஸ்டரைச் சுற்றினாள். சும்மா கிடந்த வலது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினாள்.

"கடிக்குது," என்று பையன் அழுதான்.

அம்மா மெத்தையைப் புரட்டிப் பார்த்தாள். "எறும்பு ஒண்ணும் இல்லையே சிஸ்டர்."

"பேரு பேரரசாம். இல்லாத எறும்புக்கு அழுறாரு. சும்மா படுடா!" பிலோமினா சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஷர்மிளா பானு உள்ளே வந்தாள். வார்டு பொறுப்பு அவளிடம். பிலோமினாவைவிடப் பதினாலு வயது இளையவள். அதுவே பிலோமினாவுக்கு ஒரு எரிச்சல். ஆனால் பானு ஒட்டின ஊசி கழன்று இந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சிஸ்டர், நீங்க ஒட்டினா மட்டும் எப்படி நிக்குது? நானும் அட்டை வைக்கிறேன், பிளாஸ்டர் போடுறேன். இதுங்க பிடுங்கிப் போட்டுடுதுங்க. என்னதான் பண்றது?"

கம்பியில் கட்டியிருந்த கையைப் பானு பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. கட்டை அவிழ்த்து அந்தக் கையை அம்மாவிடம் கொடுத்தாள். "பிடிச்சுக்கோம்மா."

பிறகு பிலோமினாவிடம் திரும்பினாள். "உங்க இடது கையைக் கொடுங்கக்கா."

"எதுக்கு?"

"கேட்டீங்கல்ல? கொடுங்க. இங்க பாக்காதீங்க, அவனைப் பாருங்க."

மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை சரசரவென்று பிளாஸ்டரைச் சுற்றிவிட்டாள். "போய் சார்ட் எழுதுங்க. நான் அவனைப் பாக்குறேன்."

வார்டே பார்க்க, சின்னப் பெண்ணிடம் கைக்கட்டு. பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜைக்குப் போய் ஒரு பக்கம் எழுதியிருப்பாள். மணிக்கட்டில் என்னமோ குத்தியது. கையைத் திருப்பினாள், இன்னும் குத்தியது. எழுந்து வந்தாள்.

"சிஸ்டர், உள்ள என்னமோ கடிக்குது."

பானு குனிந்து, பையன் கையிலிருந்த பிளாஸ்டரை ஈரப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எறும்பு ஒண்ணும் இல்லையேக்கா. வெளியில வெள்ளையா, அழகாத்தானே இருக்கு. சும்மா இருங்க."

பிலோமினாவின் வலது கை நகம் பிளாஸ்டர் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"பிடுங்குறீங்களா? அந்தக் கையைக் கம்பியில கட்டவா?"

"என்ன, விளையாடுறீங்களா என்கிட்ட?" பிலோமினா பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தாள். உள்ளேயிருந்து ஊசி மூடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. மணிக்கட்டில் அது பதிந்த குழி சிவந்திருந்தது.

"இப்போ இவன் கையைப் பாருங்க," என்றாள் பானு.

ஊசியின் பிளாஸ்டிக் தலை தோலில் அழுந்தி, அதே மாதிரி ஒரு குழி. ஆனால் இங்கே தோல் உரிந்து நீர் கசிந்தது. அம்மா பிடித்திருந்த வலது கையிலும் காய்ந்த குழி. இரண்டு காலிலும் குழி. தினமும் பார்த்ததுதான். பிளாஸ்டர் தடம் என்று பிலோமினா விட்டுவிட்டாள்.

பானு துணியை மடித்து அந்தத் தலைக்கு அடியில் கொடுத்தாள். ஊசி இறங்கிய இடம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, விரல்கள் வெளியே இருக்கிற மாதிரி ஒட்டினாள். குழாயில் சொட்டு விழுந்தது.

"ஊசி தப்பிச்சுது. தோல் தப்பலை."

பையன் விரல்களை ஆட்டிப் பார்த்தான். அழவில்லை.

பிலோமினாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "எனக்கு எப்படி சிஸ்டர் தெரியும்? ஒழுங்கா சொல்லியிருந்தான்னா..."

"கையால சொன்னான், கையைக் கட்டினீங்க. வாயால சொன்னான், சிரிச்சீங்க. மூணு வயசுப் பிள்ளைகிட்ட இன்னும் என்னக்கா மிச்சம் இருக்கு, சொல்றதுக்கு?"